குதிரையை மாற்றிக்கொண்டே இருந்த ரேடியோக்காரர்



மேடைக் கச்சேரிகளில் எலக்ட்ரிக் கிதார் வாசிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கொம்பு முளைத்தது போல வளைந்த உடம்பு, தலையில் ஒரே வரிசையாக ஆறு திருகுகள், வலது கைப் பக்கம் ஒரு சின்ன இரும்பு நெம்புகோல். இந்த வடிவக் கிதாரை 1954-ஆம் ஆண்டு உலகுக்குக் கொடுத்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த லியோ ஃபெண்டர்.

அவரைப் பற்றி ஓர் ஆச்சரியமான செய்தி சொல்லட்டுமா? அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. சுருதி சேர்க்கக்கூடத் தெரியாது! அப்படிப்பட்டவர் உலகப் புகழ் பெற்ற கிதார்களை எப்படிச் செய்தார்? வாருங்கள், பார்ப்போம்.

அதற்கு முன்னால் ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ளுங்கள். வீணையில் தந்திகளைத் தாங்கி நிற்கும் சிறு மேடைக்குக் குதிரை என்று பெயர். கிதாரிலும் அதே வேலையைச் செய்யும் பாகம் உண்டு. கடைக்காரர்கள் அதைப் பிரிட்ஜ் என்பார்கள். நாம் குதிரை என்றே சொல்வோம். எலக்ட்ரிக் கிதாரின் குதிரை மேல் தந்திகள் உட்காருவதற்குச் சின்னச் சின்ன உலோகத் துண்டுகள் இருக்கும். அவற்றுக்கு ஆங்கிலத்தில் சேடில் என்று பெயர். சேடில் என்றால் சேணம்! தமிழ்க் குதிரை மேல் ஆங்கிலச் சேணம் தானாகவே வந்து பொருந்திவிட்டது பார்த்தீர்களா?

லியோ ஃபெண்டரின் வாழ்க்கை இந்தக் குதிரையையும் சேணத்தையும் சுற்றித்தான் ஓடியது.

ஆரஞ்சுத் தோட்டத்துச் சிறுவன்

கலிஃபோர்னியா மாநிலத்தில் அனஹைம், ஃபுல்லர்ட்டன் என்று இரண்டு ஊர்கள் அருகருகே உள்ளன. அந்தப் பகுதியில் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த ஒரு விவசாயக் குடும்பத்தில் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10-ஆம் தேதி லியோ பிறந்தார். முழுப்பெயர் கிளாரன்ஸ் லியோனிடாஸ் ஃபெண்டர்.

எட்டு வயதில் அவருக்குப் பெரிய துன்பம் ஒன்று வந்தது. இடது கண்ணில் கட்டி வளர்ந்தது. மருத்துவர்கள் அந்தக் கண்ணையே எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கண் பொருத்தினார்கள். எட்டு வயது என்றால் உங்களில் பலருடைய வயதுதான். ஆனால் லியோ மூலையில் முடங்கிவிடவில்லை. இருந்த ஒரு கண்ணைக் கொண்டே உலகத்தைக் கூர்ந்து பார்க்கப் பழகினார்.

அவருடைய மாமா ஒருவர் கார்களுக்கு மின்சார வேலை செய்யும் பட்டறை நடத்திவந்தார். லியோவுக்குப் பதின்மூன்று வயது ஆனபோது, பழைய ரேடியோ பாகங்களும் பேட்டரியும் அடங்கிய ஒரு பெட்டியை அவர் அனுப்பிவைத்தார். பின்பு மாமாவின் பட்டறைக்குப் போன லியோ, அங்கே ஒரு ரேடியோ ஒலிபெருக்கியில் உரக்கப் பாடுவதைக் கேட்டுச் சொக்கிப்போனார். அன்று முதல் ரேடியோக்களைப் பிரிப்பதும் பூட்டுவதுமே அவருடைய விளையாட்டு ஆகிவிட்டது. சிறு வயதில் பியானோவும் பிறகு சாக்ஸஃபோனும் கற்றுக்கொண்டாரே தவிர, கிதார் பக்கம் போகவே இல்லை.

கல்லூரியில் அவர் படித்தது கணக்குப் பதிவு. கணக்கராகப் பல இடங்களில் வேலை பார்த்தார். 1930-களில் அமெரிக்காவில் கடுமையான பொருளாதார நெருக்கடி. பலருக்கு வேலை போயிற்று, லியோவுக்கும் போயிற்று. 1938-ஆம் ஆண்டு 600 டாலர் கடன் வாங்கி, ஃபுல்லர்ட்டனில் ரேடியோ பழுது பார்க்கும் கடை ஒன்றைத் திறந்தார்.

கடைக்கு வந்த இசைக் கலைஞர்கள்

அந்தக் கடைக்கு ரேடியோக்கள் மட்டும் வரவில்லை. அந்தப் பக்கத்து இசைக் கலைஞர்கள் தங்கள் ஒலிபெருக்கிகளையும் கிதார்களையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். லியோ வேலை செய்துகொண்டே அவர்களுடைய குறைகளைக் காதுகொடுத்துக் கேட்டார்.

பெரிய குறை ஒன்று இருந்தது. அக்காலக் கிதார்கள் உள்ளே கூடாக இருந்தன. அவற்றை ஒலிபெருக்கியோடு இணைத்துச் சத்தத்தைக் கூட்டினால் காதைத் துளைக்கும் ஊளைச் சத்தம் எழும். பள்ளி விழாவில் மைக்கை ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் கீச்சென்று கத்துகிறதே, அதே கதைதான். ஒலிபெருக்கியின் சத்தம் கிதாரின் கூட்டை அதிரவைக்கும். அந்த அதிர்வு மறுபடி ஒலிபெருக்கிக்குப் போகும். இப்படியே சுற்றிச் சுற்றி வளரும்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. கண் குறைபாடு காரணமாக லியோ போருக்கு அழைக்கப்படவில்லை. டாக் காஃப்மன் என்ற நண்பரோடு சேர்ந்து, தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தக் கருவியைச் சோதித்துக்கொண்டிருந்தார். சோதனைக்காகக் கெட்டியான மரக்கட்டையில் ஒரு முரட்டுக் கிதாரைச் செய்தார்கள். பார்க்க அழகாக இல்லை. ஆனால் கலைஞர்கள் அதை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள்! ஏன் தெரியுமா? கட்டைக்குள் கூடு இல்லாததால் ஊளைச் சத்தம் அடங்கியது. தந்தியின் ஒலியும் நீண்ட நேரம் நின்றது.

முதல் குதிரை: மூன்று சேணம்

1950-ஆம் ஆண்டு லியோவின் நிறுவனம் கெட்டி மரக் கிதாரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிராட்காஸ்டர் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைப் போன்ற பெயரில் வேறொரு நிறுவனம் முரசு வாத்தியங்களை விற்றுவந்ததால், 1951-இல் டெலிகாஸ்டர் என்று மாற்றினார்கள். இன்றுவரை அதே பெயர்தான்.

இதில் லியோ ஒரு புதுமை செய்தார். அதுவரை நல்ல கிதார் என்றால் கழுத்தை உடம்போடு பசை போட்டு ஒட்டுவது வழக்கம். கழுத்து வளைந்துவிட்டால் கைதேர்ந்த தச்சர்தான் சரிசெய்ய முடியும். லியோவோ நான்கு திருகாணிகளைப் போட்டுக் கழுத்தை முடுக்கிவிட்டார். பழுதானால் கழற்று, புதிதை மாட்டு, முடிந்தது வேலை! பல வருடம் ரேடியோ பழுது பார்த்தவர் அல்லவா? எந்தப் பொருளும் ஒருநாள் பழுதாகும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே செய்யும்போதே கழற்றி மாட்டும்படி செய்தார்.

இந்தக் கிதாரின் குதிரை ஓர் உலோகத் தட்டு. அதன்மேல் மூன்று சேணங்கள். தந்திகளோ ஆறு. ஒரு சேணத்தின் மேல் இரண்டு தந்திகள் உட்கார்ந்தன. இங்கேதான் ஒரு சிக்கல்.

கொஞ்சம் அறிவியல் பார்ப்போமா? ஒரு தந்தியின் நீளத்தைச் சரிபாதியாக்கினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். கிதாரின் கழுத்தில் பன்னிரண்டாவது மெட்டு இந்தப் பாதி இடத்தில் இருக்கிறது. ஆனால் மெட்டில் விரலை வைத்து அழுத்தும்போது தந்தி சற்று இழுபடும். அதனால் ஸ்வரம் கொஞ்சம் ஏறிவிடும். எவ்வளவு ஏறும் என்பது தந்திக்குத் தந்தி மாறும். அதைச் சரிக்கட்ட ஒவ்வொரு தந்தியின் நீளத்தையும் தனித்தனியே ஒரு மயிரிழை கூட்ட வேண்டும். அதற்குச் சேணத்தைப் பின்னால் நகர்த்த வேண்டும்.

இரண்டு தந்திக்கு ஒரே சேணம் என்றால் என்ன ஆகும்? ஒன்றுக்குச் சரியாக வைத்தால் மற்றது பிசகும். இரண்டு பேர் ஒரே குடையில் போவது போல, ஆளுக்குக் கொஞ்சம் நனையத்தான் வேண்டும்! பலர் இதைப் பொறுத்துக்கொண்டார்கள். சிலரால் முடியவில்லை. பில் கார்சன் என்ற கிதார் கலைஞர் ஆறு தந்திக்கும் ஆறு சேணம் வேண்டும் என்று கேட்டவர்களில் ஒருவர்.

இரண்டாம் குதிரை: ஆடும் குதிரை

லியோ கோபித்துக்கொள்ளவில்லை. தன் கிதார் நன்றாக விற்கிறதே, இவர் என்ன சொல்வது என்று நினைக்கவும் இல்லை. புதிய கிதாருக்கான வேலையைத் தொடங்கினார். 1953-இல் ஃப்ரெடி தவாரெஸ் என்ற ஹவாய்த் தீவுக் கலைஞர் அவரோடு வேலையில் சேர்ந்தார். ஸ்ட்ராட்டோகாஸ்டர் உருவாகத் தொடங்கியது.

புதிய குதிரையில் ஆறு சேணங்கள். ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் நகர்த்தலாம்; மேலும் கீழும் ஏற்றி இறக்கலாம். அதோடு இன்னொரு வசதியும் சேர்ந்தது. குதிரையில் ஒரு நெம்புகோல் உண்டு. அதை அழுத்தினால் தந்திகள் தளர்ந்து ஸ்வரம் இறங்கும். விட்டால் பழைய இடத்துக்கு வரும். வீணைக் கலைஞர் தந்தியை விரலால் இழுத்துக் கமகம் கொடுப்பது போல, இங்கே நெம்புகோலால் ஸ்வரத்தை அசைக்கலாம்.

ஆனால் முதலில் செய்த அமைப்பு தோற்றுப்போனது. அதைச் செய்வதற்கான அச்சுகளும் கருவிகளும்கூடத் தயாராகிவிட்டன. பணமும் செலவாகிவிட்டது. மாட்டி வாசித்துப் பார்த்தால் ஒலியில் கனம் இல்லை. நீண்டு நிற்கவும் இல்லை. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? இவ்வளவு செலவழித்தாயிற்றே, இப்படியே விற்றுவிடுவோம் என்று தோன்றும் இல்லையா? லியோ அத்தனையையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

இரண்டாவது முயற்சியில் குதிரைக்கு அடியில் கனமான எஃகுக் கட்டை ஒன்றை வைத்தார். தந்திகள் அந்தக் கட்டைக்குள் நுழைந்து மேலே வந்தன. கிதாரின் முதுகில் ஒரு குழி. அந்தக் குழிக்குள் ஸ்பிரிங்குகள். முன்பக்கம் தந்திகள் குதிரையை ஒரு திசையில் இழுக்கும். பின்பக்கம் ஸ்பிரிங்குகள் எதிர்த்திசையில் இழுக்கும். கயிறு இழுக்கும் போட்டியில் இரண்டு கட்சிக்கும் சம பலம் இருந்தால் கயிறு நடுவில் நிற்குமே, அப்படி! குதிரையின் முன் ஓரத்தில் ஆறு திருகாணிகள். அவற்றை ஊன்றிக்கொண்டு குதிரை முழுவதும் தராசு போல ஆடியது. சேணமும் தந்தியும் ஒன்றாகவே அசைந்ததால் உராய்வு குறைந்தது.

1954-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டோகாஸ்டர் வெளிவந்தது. அந்த நெம்புகோலை மெல்லிய அலைபோன்ற ஒலிக்காகத்தான் லியோ வைத்தார். ஆனால் 1969-இல் வுட்ஸ்டாக் இசை விழாவில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் வெள்ளை நிற ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்தபோது, அதே நெம்புகோல் இடியாகவும் அலறலாகவும் ஒலித்தது. செய்தவர் நினைத்தது ஒன்று. வாசித்தவர் கண்டுபிடித்தது இன்னொன்று!

விற்ற பிறகும் ஓயாத கை

லியோவின் நிறுவனம் வளர்ந்தது. ஆனால் 1950-களின் நடுவிலிருந்தே சைனஸ் தொற்று அவரை வாட்டிவந்தது. உடம்பு இனி தேறாது என்று எண்ணி, 1965-ஆம் ஆண்டு ஜனவரியில் தன் நிறுவனத்தை சி.பி.எஸ். என்ற பெரிய நிறுவனத்துக்கு ஒரு கோடியே முப்பது லட்சம் டாலருக்கு விற்றார். விதியைப் பாருங்கள்! சில ஆண்டுகளில் வேறொரு மருத்துவர் கொடுத்த மருந்தில் நோய் குணமாகிவிட்டது. உடம்பு திரும்பிவந்தது, கம்பெனி கையில் இல்லை.

அவ்வளவு பணம் இருந்தால் கால்மேல் கால் போட்டு உட்காரலாம். லியோவின் கைகள் சும்மா இருக்கவில்லை. 1975-இல் மியூசிக் மேன் என்ற நிறுவனத்தின் தலைவரானார். பிறகு பழைய நண்பர் ஜார்ஜ் ஃபுல்லர்ட்டனோடு சேர்ந்து ஜி அண்ட் எல் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். ஜார்ஜின் ஜி, லியோவின் எல். ஊரின் பெயரும் நண்பரின் பெயரும் ஃபுல்லர்ட்டன் என்று ஒன்றாக அமைந்தது தற்செயல்தான்.

எழுபது வயதைத் தாண்டிய லியோ அங்கே என்ன செய்தார் தெரியுமா? மறுபடியும் குதிரையைத்தான் மாற்றினார்! தன்னுடைய புகழ்பெற்ற ஆறு திருகாணிக் குதிரையில் குறை கண்டார். ஆறு இடத்தில் ஊன்றினால் ஆறும் ஒரே சீராக இருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் உராய்வு வரும். அதனால் இரண்டே இடத்தில் ஊன்றி ஆடும் குதிரையைச் செய்தார்.

ஆடாத குதிரை ஒன்றையும் புதிதாகச் செய்தார். சேணங்கள் தனித்தனியே நின்றால் பக்கவாட்டில் சற்று அசையும்; அந்த அசைவில் தந்தியின் அதிர்வு வீணாகும். அதனால் பக்கத்தில் ஒரே ஒரு சின்னத் திருகை வைத்தார். அதை முடுக்கினால் சேணங்கள் எல்லாம் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு ஒரே கட்டையாக நிற்கும். புத்தக அலமாரியில் ஓரத்துப் புத்தகத்தை அழுத்தினால் எல்லாப் புத்தகமும் நேராக நிற்குமே, அதுபோல.

வயதான காலத்தில் பார்க்கின்சன் நோய் வந்தது. கை நடுங்கியது. அப்போதும் தன் பட்டறைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். 1991-ஆம் ஆண்டு மார்ச் 21-ஆம் தேதி, 81-ஆவது வயதில் காலமானார். அடுத்த ஆண்டே ராக் அண்ட் ரோல் இசையின் புகழ் மண்டபத்தில் அவருடைய பெயர் சேர்க்கப்பட்டது.

லியோவிடம் நாம் கற்க வேண்டியது என்ன?

அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணமும் அவருக்கு வரவில்லை. வாசிப்பவரிடம் கேட்டார். அவர் சொன்ன குறையைச் சரிசெய்தார். மறுபடி அவரிடமே கொடுத்து வாசிக்கச் சொன்னார். பணம் போனாலும் சரியில்லாததைத் தள்ளினார். உலகமே பாராட்டிய தன் குதிரையில்கூடப் பல வருடம் கழித்துத் தானே குறை கண்டுபிடித்தார்.

இன்னொன்றும் உண்டு. அவர் திருகாணி போட்டுச் செய்த காரணத்தால், எழுபது வருடத்துக்கு முன்பு செய்த கிதாருக்கும் இன்று புதிய குதிரை மாட்ட முடிகிறது. ஒரு பாகம் தேய்ந்தால் முழுப் பொருளையும் குப்பையில் எறிய வேண்டியதில்லை. உங்கள் வீட்டு மிதிவண்டி, மின்விசிறி, பேனா எதையும் தூக்கி எறியும் முன்பு, எந்தப் பாகம் கெட்டது என்று ஒரு நிமிடம் பாருங்கள் செல்வங்களே!

கிதார் வைத்திருக்கும் மாணவர்களுக்கு

உங்களில் சிலர் கிதார் கற்றுக்கொண்டிருக்கலாம். குதிரையை மாற்ற ஆசை வந்தால் இவற்றைக் கவனியுங்கள்.

1. முதலில் புதுத் தந்தி போட்டுப் பாருங்கள். பழைய தந்தியும் சுருதி பிசகும். பன்னிரண்டாவது மெட்டில் ஸ்வரம் ஏறி ஒலித்தால் சேணத்தைப் பின்னால் நகர்த்துங்கள்; இறங்கி ஒலித்தால் முன்னால் நகர்த்துங்கள். பல சமயம் இதிலேயே குறை தீர்ந்துவிடும். செலவே இல்லை!

2. தந்தி எப்போதும் ஒரே இடத்தில் அறுகிறதா? அந்தச் சேணத்தில் கூரான பிசிறு இருக்கலாம். குதிரை முழுவதையும் மாற்ற வேண்டாம். அந்தச் சேணத்தைத் தேய்த்து வழவழப்பாக்கினால் அல்லது அதை மட்டும் மாற்றினால் போதும்.

3. குதிரையே வாங்குவதென்றால் அளவுதான் முக்கியம். ஊன்றும் திருகாணி ஆறா, இரண்டா என்று எண்ணுங்கள். முதல் தந்திக்கும் ஆறாம் தந்திக்கும் உள்ள இடைவெளியை அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் பழைய அமைப்பு சுமார் 56 மில்லிமீட்டர். புதிய அமைப்பு சுமார் 52 மில்லிமீட்டர். மாற்றி வாங்கினால் தந்திகள் கழுத்தின் மேல் ஒழுங்காக அமையாது.

4. விலை குறைந்த சில கிதார்களின் உடம்பு மெல்லியதாக இருக்கும். பெரிய எஃகுக் கட்டை உள்ள குதிரையை மாட்டினால் முதுகுப் பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். உடம்பின் கனத்தையும் அளந்து பாருங்கள்.

5. டெலிகாஸ்டர் வகையில் மூன்று சேணத்தையே வைத்துக்கொள்ள விரும்பினால், சற்றே சாய்வாகச் செய்த பித்தளைச் சேணங்கள் கிடைக்கின்றன. அந்தச் சாய்வினால் இரண்டு தந்திக்கும் வெவ்வேறு நீளம் கிடைக்கும். ஒரே குடையில் இருவரும் ஓரளவு நனையாமல் போகலாம்!

6. ஆடும் குதிரையில் ஸ்பிரிங்குகள் விறைப்பாக இழுத்துக்கொண்டிருக்கும். தந்திகளைத் தளர்த்தாமல் கழற்றக் கூடாது. ஆசிரியரோ பெரியவரோ பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

7. கழற்றிய பழைய பாகங்களை ஒரு டப்பாவில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். பழைய பாகங்கள் நிறைந்த ஒரு பெட்டிதான் லியோ ஃபெண்டரின் வாழ்க்கையையே தொடங்கிவைத்தது, மறந்துவிடாதீர்கள்!